நூற்றுப் பன்னிரண்டு பாட்டும் ஒரு சைரனும்

சைரன் தெருவில் அடிக்கவில்லை. சூசைராஜ் வீட்டுக் கம்ப்யூட்டரில் அடித்தது.

செகந்திராபாத் பக்கம், ஹப்சிகுடாவில் இரண்டாவது மாடி வீடு. சனிக்கிழமை மதியம் மூன்று மணி. சூசைராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

பால்கனியில் இருந்த ஷர்மிளா ஓடி வந்தாள். அவளுக்குப் பத்து வயது.

திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் பெரிய இங்கிலீஷ் எழுத்து. 'உங்கள் கம்ப்யூட்டரில் 27 வைரஸ் இருக்கிறது. அணைக்காதீர்கள். அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும். உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்.'

"என்ன டாடி அமுக்கினீங்க?"

"நான் ஒண்ணும் அமுக்கலை."

அது பொய். இரண்டு தடவை அமுக்கியிருந்தார்.

சூசைராஜுக்கு நாச்சாரத்தில் லேத் பட்டறை வேலை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் தமிழ்ப் பாடகர் குழுவை நடத்துகிறார். குழுப் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், பாடுவார்கள். படிக்கச் சொன்னால் தெலுங்குதான் வரும். அதனால் ஒவ்வொரு தமிழ்ப் பாட்டையும் தெலுங்கு எழுத்தில் அடித்து, பக்கத்திலேயே தமிழிலும் அடித்து வந்தார். எட்டு மாதம். நூற்றுப் பன்னிரண்டு பாட்டு.

இன்று ஐந்து மணிக்குள் செகந்திராபாத் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். பாட்டுப் புத்தகத்தின் அட்டைக்கு மட்டும் அழகான தமிழ் எழுத்து வேண்டும் என்று ஆசைப்பட்டார். நெட்டில் தேடியதும் எழுத்து இலவசம் என்று ஒரு பக்கம் வந்தது. அதில் மூன்று டவுன்லோட் பட்டன். இருப்பதிலேயே பெரிய பச்சைப் பட்டனை அமுக்கினார். 'அனுமதிக்கிறீர்களா?' என்று கேட்டது. அதையும் அமுக்கினார். யார் கேட்கிறான், எதற்குக் கேட்கிறான் என்று பார்க்க வேண்டாமா? பார்க்கவில்லை.

"பாட்டெல்லாம் வேற எங்கயாவது காப்பி இருக்கா டாடி?"

சூசைராஜ் தலையை ஆட்டினார். இல்லை.

அந்தப் பாட்டுகளில் பாதியை ராகம் தப்பாமல் பாடிக் காட்டியது ஷர்மிளாதான்.

அம்மா ஷோபா ஈரக் கையோடு வந்தாள். "என்னங்க இது? ஃபயர் எஞ்சின் வந்திருக்கான்னு கீழ் வீட்டில கேக்கறாங்க."

அதற்குள் சூசைராஜ் அந்த நம்பருக்குப் போன் போட்டுவிட்டார்.

முதல் மணியிலேயே ஒருவன் எடுத்தான். எந்த ஆபீசில் முதல் மணியிலேயே எடுத்திருக்கிறார்கள்? சூசைராஜுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. ஸ்பீக்கரில் போட்டார்.

"பயப்படாதீங்க சார்," என்றான் அவன் இந்தியில். "உங்க கம்ப்யூட்டர் உள்ளே இருக்கிறது எல்லாமே எனக்கு இங்கே தெரியுது. வைரஸ் உங்க ஃபைலையெல்லாம் தின்னுக்கிட்டிருக்கு. ஒரு சின்ன புரோகிராம் சொல்றேன், போடுங்க. திரையில ஒரு நம்பர் வரும். அதைச் சொன்னீங்கன்னா நானே உள்ளே வந்து சரி பண்ணிடறேன்."

"சொல்லுங்க சார், சொல்லுங்க," என்றார் சூசைராஜ். எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

ஷர்மிளா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புக்குக் கீழே ஒரு பட்டியல் ஓடியது. கெட்டுப்போன ஃபைல்களாம். பாட்டு எது எது போயிற்று என்று ஒவ்வொரு வரியாகத் தேடினாள். பட்டியல் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடியது. அதே பேர்கள். எல்லாம் இங்கிலீஷ்.

அவள் போனுக்குப் பக்கத்தில் போய் இந்தியில் கேட்டாள். "அங்கிள், எல்லாம் தெரியுதுன்னு சொன்னீங்களே. உள்ளே இருக்கிற ஒரு ஃபோல்டர் பேர் சொல்லுங்க."

"குழந்தை, போனை அப்பாகிட்ட கொடு."

"ஒரே ஒரு பேர்."

"மை டாக்குமெண்ட்ஸ். மை பிக்சர்ஸ். போதுமா?"

ஷர்மிளா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நக்கோ டாடி, வேணாம். இவர் சொல்ற எதையும் செய்யாதீங்க. நம்ம கம்ப்யூட்டர்ல எல்லாமே தமிழ்ல பேர் வச்சிருக்கீங்க. பாட்டு, கரண்ட் பில், ஷர்மி பரீட்சை. இவருக்கு ஒண்ணுகூடத் தெரியலை."

சூசைராஜ் போனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"அணைச்சா எல்லாம் அழிஞ்சிடும்னு போட்டிருக்கேம்மா."

"எழுதிப் போட்டது யாரு டாடி? அவர்தானே?"

"தொடாதீங்க. தொட்டா ஹார்ட் டிஸ்க் வெந்துடும்," என்று கத்தினான் அவன்.

ஷோபா ஈரக் கையாலேயே போனை வாங்கி வைத்துவிட்டாள்.

சைரன் நிற்கவில்லை. ஷர்மிளா மோடம் வயரைப் பிடுங்கினாள். அப்போதும் நிற்கவில்லை. மூலையில் பெருக்கல் குறியைத் தேடினாள். அதைக் காணோம். சூசைராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

பள்ளி லேபில் கம்ப்யூட்டர் சிக்கிக்கொண்டால் மூன்று விசையைச் சேர்த்து அமுக்குவார்கள். கன்ட்ரோல், ஆல்ட், டெலிட். ஷர்மிளா அமுக்கினாள். ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியல் வந்தது. இணையம் பார்க்கும் புரோகிராமைத் தேர்ந்தெடுத்து முடித்துவிட்டாள்.

சிவப்பு போயிற்று. சைரன் போயிற்று. வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது.

"திற," என்றார் சூசைராஜ், கண்ணைத் திறக்காமலே.

'பாட்டு' என்ற ஃபோல்டரைத் திறந்தாள். ஒன்று முதல் நூற்றுப் பன்னிரண்டு வரை, வரிசையாக இருந்தன.

"இருக்கு டாடி."

சூசைராஜ் கீழே உட்கார்ந்துவிட்டார். நாற்காலியில் அல்ல, தரையில்.

வேலை இன்னும் முடியவில்லை. எழுத்து என்று நினைத்து அவர் இறக்கிய ஃபைல் ஒரு புரோகிராம். நல்லவேளை, திறக்கவில்லை. அதை அழித்தாள். கம்ப்யூட்டருடனேயே வந்த வைரஸ் சோதனையை ஓடவிட்டாள். கால் மணி நேரம் மூன்று பேரும் அசையாமல் பார்த்தார்கள். வேறு எதுவும் இல்லை என்று வந்தது. மோடம் வயரைத் திரும்பச் செருகியதும் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. 'வைரஸ், வைரஸ்.'

"இது எப்படி இன்னும் வருது?" என்றாள் ஷோபா.

"டாடி 'அனுமதி' கொடுத்துட்டார் இல்ல? அதான்."

"ஒண்ணும் அமுக்கலைன்னாரே," என்று ஷோபா கணவனைப் பார்த்தாள். அவர் ஃபேனைப் பார்த்தார்.

ஷர்மிளா செட்டிங்சில் போய் அந்த அனுமதியை எடுத்தாள். பெட்டி பிறகு வரவில்லை.

பாட்டுகளை இரண்டு பென் டிரைவில் காப்பி எடுத்தார்கள். ஒன்றை ஷோபா பீரோவில் வைத்துப் பூட்டினாள். இன்னொன்றோடு அப்பாவும் மகளும் ஆட்டோ ஏறினார்கள். அட்டைக்கு அழகான எழுத்து வேண்டாம், இருக்கிற எழுத்தே போதும் என்று சூசைராஜ் சொல்லிவிட்டார்.

தார்நாக்கா தாண்டும்போது போன் அடித்தது. அதே நம்பர்.

"எடுக்காதீங்க டாடி."

சூசைராஜ் எடுத்தார்.

"சார், உங்க கம்ப்யூட்டர் பெரிய ஆபத்தில இருக்கு."

சூசைராஜ் தொண்டையைச் சரிசெய்துகொண்டு முதல் பாட்டின் பல்லவியை எடுத்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். ஷர்மிளாவும் சேர்ந்துகொண்டாள்.

இரண்டாவது சரணத்திலேயே அவன் போனை வைத்துவிட்டான். இவர்கள் நிறுத்தவில்லை. அச்சகம் வருவதற்குள் ஏழு பாட்டு முடிந்திருந்தது.