கற்பூரத்தை அணைக்காத கொத்தனார்

பிரமிளா வந்தபோது டாக்சிக்காரன் ரவீனேஷ் மூன்றாவது கோப்பைத் தேநீரில் இருந்தான். நாற்பது வயது, நல்ல வண்டி, ஓயாத வாய். அவன் உட்கார்ந்திருந்தது நவுசோரியில் யோகேந்திராவின் வீட்டில். யோகேந்திரா நில அளவை அலுவலகத்தில் முப்பது வருஷம் எல்லைக்கல் நட்டு ஓய்வு பெற்றவர். வேலிச் சண்டையில் தொடங்கி வீட்டுத் திருட்டு வரை எதுவானாலும் ஊர்க்காரர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். அவரை ஏற்றிக்கொண்டு போவது ரவீனேஷின் டாக்சி. அதனால் தானும் பாதித் துப்பறிவாளன் என்பது அவன் எண்ணம்.

"அண்ணே, என் வீட்டுக்காரரை சாமி திருடன்னு சொல்றாங்கோ," என்றாள் பிரமிளா. நாற்காலியைக் காட்டியும் அவள் உட்காரவில்லை.

அவள் கணவன் சதேந்திரா கொத்தனார். வுனிமோனோவுக்கு அப்பால், ரேவா ஆற்றங்கரையில் இருந்த சின்ன மாரியம்மன் கோவிலில் ஒரு முழ உயரத்தில் வெண்கல அம்மன் இருந்தாள். கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் மதராசிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்த அம்மன். அந்த வருஷம், இரண்டாயிரத்தில், மே மாதம் தீவின் தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமென்டைப் பிடித்தார்கள். அடுத்த வாரமே ஆற்றங்கரை வீடுகளில் கொள்ளை. பதினொரு நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடந்துவிட்டு ஜனங்கள் திரும்பியபோது கோவில் கதவு உடைந்திருந்தது, அம்மனைக் காணவில்லை. கொள்ளைக்காரர்கள்தான் கொண்டுபோனார்கள் என்று எல்லோரும் அழுது ஓய்ந்தார்கள்.

"இப்ப அக்டோபர்ல வந்து புதுசாச் சொல்றாங்கோ," என்றாள் பிரமிளா. "கலவரத்துக்கு முன்னால ஒரு சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் சாக்கோட கோவிலுக்குள்ள போனதை யாரோ பாத்தாங்களாம். நாங்க சிட்னிக்குப் போறோம் இல்லியா, அங்க புதுசாக் கட்டற கோவிலுக்கு அம்மனை அனுப்பிட்டார்னு நம்ம கோவில் பிரசிடெண்ட் ரவீந்திரா சொல்றார். வெள்ளிக்கிழமை காலையில சன்னதியில கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணணும், இல்லேன்னா போலீஸ்ல எழுதிக் கொடுப்பாராம். எழுதிக் கொடுத்துட்டா போலீஸ் சர்ட்டிபிகேட் வராது. அது இல்லாம விசா இல்லே."

"சத்தியம் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றான் ரவீனேஷ்.

"மாட்டேங்கிறார். ஏன்னு என்கிட்டகூடச் சொல்லலே." அவள் குரல் இறங்கியது. "எங்க விநிதா மே மாசத்திலேருந்து செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்குறா அண்ணே. மறுபடி ஓடணும்னா தயாரா இருக்கணுமாம். ஒன்பது வயசு. அவளை இங்கேருந்து கூட்டிட்டுப் போயிடணும்."

யோகேந்திரா எழுந்து அளவு நாடாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது அவரோடு போகும்.

வண்டி கிளம்பியதும் ரவீனேஷ் தீர்ப்பு வழங்கினான். "கேஸ் முடிஞ்சு போச்சுண்ணே. அம்மன் முன்னால எரியற கற்பூரத்தை உள்ளங்கையால அடிச்சு அணைச்சா ஒரு நிமிஷ வேலை. பொய்ச் சத்தியம் பண்ணினா வம்சம் விளங்காதுன்னு பயப்படறான். அதனாலதான் மாட்டேங்கிறான்."

"பூசாரி அப்பு என்ன சொன்னார்?"

"அவர் எங்க இருக்கார்? கலவரத்தப்போ ட்ரெகேட்டிக்கு, மக வீட்டுக்குப் போனவர், ஜூலையில அங்கேயே போய்ச் சேந்துட்டார். முப்பது வருஷமா கருவறைக்குள்ள போனது அவர் ஒருத்தர்தான். இப்ப யாரும் போறதில்லே. வாசப்படியிலேயே விளக்கு வெச்சுட்டு வந்துடறாங்கோ."

"திருவிழாவில ஒரு கதை சொல்வாரே."

"மதுரைக் கதை. வருஷா வருஷம் அதே கதைதான். சுல்தான் படை வருதும்பார், நான் தூங்கிடுவேன். விளக்கு அணையாம எரிஞ்சுதுன்னு மணி அடிப்பாங்கோ, அப்ப முழிச்சுக்குவேன்."

யோகேந்திரா சிரித்தார்.

சதேந்திரா வீட்டு முற்றத்தில் கரணைகளைக் கழுவித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். ஒல்லியான மனிதன், பேச்சு குறைவு. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் யங்கோனா வேர்ப் பானத்தை ஊற்றி முதலில் யோகேந்திராவிடம் நீட்டினான். அவன் உள்ளங்கை நடுவில் காசளவுக்கு ஒரு தழும்பு இருந்ததை ரவீனேஷ் பார்த்தான். சிமெண்ட் அரித்த புண் என்று நினைத்துக்கொண்டான்.

"எந்த வார்த்தையைச் சொல்லி சத்தியம் பண்ணச் சொன்னாங்கோ?" என்று கேட்டார் யோகேந்திரா.

"அம்மன் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு."

"நீ எடுத்தியா?"

"கோவில்லேருந்து ஒரு துரும்பைக்கூட நான் வெளிய கொண்டு போகலே அண்ணே."

"அதையே சத்தியமாச் சொல்லேன்."

"சொன்னா அடுத்த கேள்வி கேப்பாங்கோ." அதற்குமேல் அவன் பிடி கொடுக்கவில்லை. உள்ளேயிருந்து பிரமிளா எட்டிப் பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பாமல் அடுத்த கரணையைச் சுற்றினான். அந்த ஆளின் மீது ரவீனேஷுக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

கோவிலில் பிரசிடெண்ட் ரவீந்திரா சாவிக்கொத்தோடு காத்திருந்தார். அறுபது வயது, வெளுத்த சட்டை, கோபத்தில் சிவந்த முகம். "நல்லாப் பாருங்கோ," என்றார். "பீடத்தோட பேத்துக்கிட்டுப் போயிட்டான்."

மூவரும் கருவறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். வெறும் அறை. பின்சுவர் மற்றச் சுவர்களைப் போலவே நீல வண்ணத்தில் இருந்தது. தரையில் ஒரு கீறல்கூட இல்லை. சங்கிலியில் தொங்கிய விளக்கு பின்சுவரை உரசிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே கூரையில் விளக்குப் புகையின் கரி அரை வட்டமாகப் படிந்திருந்தது.

"கொள்ளைக்காரங்க நெருப்பு வெச்சிருக்கானுங்க," என்று ரவீனேஷ் கிசுகிசுத்தான்.

வாசலுக்கு வெளியே மூலையில் உடைந்த சுதைப் பொம்மை ஒன்றைத் துண்டு துண்டாகக் குவித்து வைத்திருந்தார்கள்.

"அது தீமிதிக்கு ஊர்வலம் விடற சுதை அம்மன்," என்றார் ரவீந்திரா. "உள்ளதான் உடைஞ்சு கிடந்துது. கழியால இழுத்து எடுத்தோம்."

"தீமிதி எந்த மாசம்?"

"ஆகஸ்ட்."

"மத்த மாசத்தில அது எங்க இருக்கும்?"

"கொட்டகையில." ரவீந்திரா கொஞ்சம் யோசித்தார். ஆனால் யோகேந்திரா அதற்குள் ஒரு மூங்கில் கழியைக் கேட்டு வாங்கி, வாசற்படிக்கு உள்ளே கால் வைக்காமல் பின்சுவர் வரை நீட்டினார். பிறகு வெளியே போய்ச் சுவரோரமாக நாடாவை இழுத்தார். "எழுதிக்கோ. வெளியே பன்னிரண்டு அடி, உள்ளே எட்டரை. சுவர் கனம் அரை அடி."

ரவீனேஷ் எழுதிக்கொண்டான். எல்லைத் தகராறுக்குப் பழகிய கை, எதையாவது அளக்காமல் இருக்காது என்று நினைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை கோவில் நிறைந்துவிட்டது. தட்டில் கற்பூரம் தயாராக இருந்தது. சதேந்திரா குளித்துத் திருநீறு பூசி வந்து நின்றான். பிரமிளா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்றாள். விநிதா செருப்பைக் கழற்ற மறுத்ததால் இருவரும் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்கள்.

"கற்பூரம் ஏத்தறதுக்கு முன்னால நான் கொஞ்சம் பேசணும்," என்றார் யோகேந்திரா. "சாமிக்குப் பயப்படாத திருடனா இருந்தா முதல் நாளே அடிச்சு அணைச்சிருப்பான். பயப்படறவன் திருடியிருக்க மாட்டான். சதேந்திரா கற்பூரத்தை அணைக்கவும் இல்லே, பொய் சொல்லவும் இல்லே. அவனுக்கு அம்மன் எங்கன்னு தெரியும், ஆனா அவன் திருடலே."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ரவீந்திரா வாயைத் திறந்தார். யோகேந்திரா நிறுத்தாமல் தொடர்ந்தார்.

"அவன் கையில ஒரு சுட்ட தழும்பு இருக்கு. ஏற்கெனவே ஒரு கற்பூரத்தை அணைச்ச கை அது. அப்பு வருஷா வருஷம் சொன்ன கதை என்ன? மதுரையில படை வந்தப்போ குருக்கள் சொக்கநாதரைத் தூக்கிக்கிட்டு ஓடலே. கருவறைக்குள்ளேயே சுவரெடுத்து மூடினாங்கோ. முன்னால வேற லிங்கத்தை வெச்சாங்கோ. வந்தவன் அதை வெட்டிட்டு, சாமியை முடிச்சிட்டோம்னு போயிட்டான். மே மாசத்தில கொட்டகைச் சுதை அம்மன் உள்ள ஏன் வந்துது? அதை உடைச்சவன் அதுக்கு அப்புறம் தேடக்கூடாதுன்னுதான் வந்துது."

பதினைந்து வருஷம் அந்தக் கதையின் நடுவில்தான் தூங்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் ரவீனேஷுக்கு உறைத்தது.

"பீடத்தைப் பேத்திருந்தா தரையில வடு இருக்கணும். விளக்கு சுவரை விட்டுத் தள்ளித் தொங்கினா கரி முழு வட்டமா இருக்கும். இங்க பாதிதான் தெரியுது, மீதிப் பாதி சுவருக்குப் பின்னால இருக்கு. வெளியே பன்னிரண்டு அடி. ரெண்டு சுவருக்கு ஒரு அடி போனா உள்ளே பதினொண்ணு வேணும். எட்டரைதான் இருக்கு. ரெண்டரை அடியைக் காணோம். சாக்கில வந்தது சிமெண்டும் மணலும்."

எல்லோரும் சதேந்திராவைப் பார்த்தார்கள். அவன் அழுதுகொண்டிருந்தான், சத்தமில்லாமல்.

"அப்பு வாயால சொன்னாலொழிய சொல்லக்கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் பண்ணியிருப்பே," என்றார் யோகேந்திரா அவனைப் பார்த்து. "அப்பு போயிட்டார். அவிழ்க்க ஆளில்லே. நீ இப்பவும் வாய் திறக்கலே. நான் அளந்தேன், அவ்வளவுதான்."

ரவீந்திரா கற்பூரத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "ஒரு தடவை உள்ள போனவன் நீதான். நீயே எடு," என்றார்.

சதேந்திரா கரணையோடு உள்ளே போனான். சுவரை அவன் இடிக்கவில்லை. இடுக்கில் கரணையை விட்டு ஒவ்வொரு கல்லாக நெம்பி எடுத்தான். ஐந்தாவது கல் வந்ததும் உள்ளே வெண்கலம் மின்னியது. கதையில் வருவதுபோல் உள்ளே வைத்திருந்த அகல்விளக்கு எரியவில்லை. எண்ணெய் வற்றித் திரி கருகியிருந்தது, நெற்றிச் சந்தனம் வெடித்திருந்தது. ஆனாலும் அம்மன் அப்படியே இருந்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். பிரமிளா மகளின் கையை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். சற்றுப் பொறுத்து ரவீனேஷ் திரும்பிப் பார்த்தபோது விநிதாவும் உள்ளே இருந்தாள். செருப்புகள் படியில் கிடந்தன.

"போலீசுக்கு நான் எதுவும் எழுதலே," என்றார் ரவீந்திரா. "என்னை மன்னிச்சுடு சதேந்திரா." வேறென்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கல்லைத் தூக்கினார். "இதையெல்லாம் வெளிய போட்டுடறேன்."

"வேணாம் அண்ணே, இங்கேயே அடுக்கி வைங்கோ." சதேந்திரா முகத்தைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டான். "எண்பத்தேழுல ஒரு கலவரம் வந்துது, இப்ப ஒண்ணு. மறுபடி வந்தா சுவரெடுக்க நான் இருக்க மாட்டேன்."

ரவீந்திரா கையிலிருந்த கல்லைப் பார்த்தார். அப்புறம் அதைக் கருவறைச் சுவரோரம் வைத்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினார். "கலவை எப்படின்னு சொல்லு."

"ஒரு பங்கு சிமெண்டுக்குப் பத்துப் பங்கு மணல். கெட்டியாப் போட்டுடாதீங்கோ. அப்புறம் அம்மனை வெளிய எடுக்க முடியாது."

ரவீனேஷ் தன் நோட்டைத் திறந்து, பன்னிரண்டு, எட்டரை என்று எழுதியிருந்ததன் கீழே அதையும் எழுதிக்கொண்டான்.