ஆறாயிரம் டாலர் அதிகம் கேட்ட மின்னஞ்சல்

வெள்ளிக்கிழமை காலை 9.12.

லொரீன் கோசிக் பத்திர அலுவலகத்துக்குள் சிரித்துக்கொண்டே நுழைந்தாள். ஒன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிச் சேர்த்த காசில் டேட்டன் நகரில் முதல் வீடு வாங்குகிறாள். மதியம் இரண்டு மணிக்குக் கையெழுத்து.

"பணத்தை நேத்து சாயங்காலமே அனுப்பிட்டேன் மேவிஸ். நீங்க மெயில்ல குடுத்த கணக்குக்கு, கேட்டபடியே பன்னிரண்டாயிரத்து இருநூறு."

மேவிஸ் டட்டில் பேனாவைக் கீழே வைத்தாள். இருபது வருடமாக வீட்டு விற்பனைகளை எழுதி முடிப்பவள். அவள் எந்த மெயிலும் அனுப்பவில்லை.

9.19. வங்கிக்குப் போன் பறந்தது. மாலையில் வந்த உத்தரவுகள் காலை 9.30-க்குத்தான் கிளம்புமாம். மேவிஸ் அதை நிறுத்தச் சொல்ல, பணம் பிழைத்தது.

வீடு பிழைக்குமா என்பது வேறு கேள்வி. திருடன் யாரென்று தெரியும்வரை கோப்பை நகர்த்த மாட்டோம் என்றது கடன் நிறுவனம். பேசிவைத்த வட்டி விகிதம் இன்றோடு காலாவதி. நாளைய வட்டியில் மாதத் தவணை கட்ட லொரீனால் முடியாது.

மெயிலில் கோப்பு எண்ணும் செலவு மதிப்பீட்டின் நகலும் இருந்தன. கோப்பைத் திறந்து பார்த்தவர்தான் அனுப்பியிருக்க வேண்டும். மேவிஸைத் தவிர அப்படி மூன்று பேர்: வீட்டை விற்கும் பழைய பிளம்பர் ஹார்லன் பீக்ஸ், லொரீனின் தரகர் கொலீன், கடன் நிறுவன எழுத்தர் பிரென்ட்.

"அந்தத் தொகையைப் பார்த்து உனக்குச் சந்தேகமே வரலியா கண்ணு?"

"ஏன் வரணும்? வீட்டைச் சூடாக்கற ஹீட்டர் செத்துக்கிடக்குன்னு திங்கக்கிழமைதானே ஹார்லன் ஆறாயிரம் தர ஒத்துக்கிட்டார்? கையெழுத்து ஆனதும் அதை என் கையில குடுப்பாருன்னு இருந்தேன்."

முதல் வீடு வாங்குபவர்கள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். மேவிஸ் ஒரு தாளை இழுத்தாள்.

"அது கைக்கு வர்ற காசு இல்ல. முன்பணம் நாலாயிரத்துத் தொள்ளாயிரம். அதுபோக கடன் கட்டணம், பதிவு, இன்ஷூரன்ஸ், வரின்னு முடிப்புச் செலவு ஏழாயிரத்து முந்நூறு. அந்தச் செலவுல ஆறாயிரத்தை ஹார்லன் ஏத்துக்கறார். நீ கொண்டுவர வேண்டியது ஆறாயிரத்து இருநூறுதான்."

சொல்லிவிட்டு அவளே சற்று யோசித்தாள். பிறகு மூவரையும் வரச் சொன்னாள்.

மதியம் 1.30. வாசலில் காவலர் ஒருவர் நின்றார். ஹார்லன் கோபமாக வந்தார். அந்த ஆறாயிரத்துக்கான ஒப்பந்தத்தை எழுதிய கொலீன் கவலையாக வந்தாள். மூக்கு வெயிலில் உரிந்திருந்த பிரென்ட் மட்டும் நிதானமாக இருந்தான்.

"போன வெள்ளிக்கிழமையிலேருந்து நான் ஏரியில மீன் பிடிச்சுக்கிட்டிருந்தேன் மேடம். மேனேஜர்தான் இதைப் பார்த்துக்கிட்டார். ஒரு வாரமா இந்தக் கோப்பை நான் தொடவே இல்ல."

"நம்பறேன். இன்னிக்கு லொரீன் எவ்வளவு கட்டணும்?"

"பன்னிரண்டாயிரத்து இருநூறு."

ஹார்லன் திரும்பிப் பார்த்தார். "என் ஆறாயிரம் எங்க போச்சு தம்பி?"

மேவிஸ் தன் தாளைப் பிரென்ட் பக்கம் தள்ளினாள்.

"இவங்க ரெண்டு பேருக்கும், உங்க மேனேஜருக்கும் சரியான தொகை தெரியும்," என்றாள் மேவிஸ். "ஏமாத்தறவங்க அதைத்தான் கேட்டிருப்பாங்க, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்களே. ஆறாயிரம் கூடக் கேட்டா எந்தத் தரகரும் கண்டுபிடிச்சிடுவார். பழைய தொகை தெரிஞ்சு, புதுசு தெரியாத ஆள் நீங்க ஒருத்தர்தான் பிரென்ட். கோப்பைத் தொடலைன்னு நீங்க சொன்னது நிஜம். அதான் மாட்டிவிட்டுச்சு."

காவலர் கை நீட்டினார். பிரென்ட் தன் போனைக் கொடுத்தான். அனுப்பிய மெயில் அதிலேயே இருந்தது. படகு வாங்க ஆசைப்பட்டதாக முணுமுணுத்தான்.

2.25. கடன் நிறுவனம் கோப்பை விடுவித்தது. அறுபத்துமூன்று கையெழுத்துகளுக்குப் பின் லொரீன் சாவியை வாங்கினாள். வங்கிக் கணக்கில் இன்னும் ஆறாயிரம் டாலர் மிச்சம் இருந்தது. அதில் ஹீட்டர் வாங்கிவிடலாம்.

"வாங்கு, நானே வந்து மாட்டித் தரேன். நூறு டாலர் குடுத்தா போதும்," என்றார் ஹார்லன்.

"உங்க வீடா இருந்தப்பவே மாட்டியிருக்கலாமே?"

"அப்ப எனக்குக் கூலி குடுக்க யாரும்மா இருந்தா?"