கருகாத இரண்டு

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. மல்கிரேவில் இருந்த அந்தச் சின்ன விளக்குக் கம்பனியின் மேசையில் ஒரு விளக்கு செத்துக் கிடந்தது. அதன் ஆறு எல்.ஈ.டி.க்களில் நான்கு கருகியிருந்தன.

"சிப்தான் காரணம்," என்றார் முதலாளி ராகவேந்திரா. "வோல்ட்டை ஏத்த மட்டும் தெரிஞ்ச சிப் வேண்டாம், இறக்கவும் தெரிஞ்சதா வாங்குன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா?"

கேட்காதவள் பக்கத்திலேயே நின்றாள். நிரஞ்சினி, விளக்கை வடிவமைத்த பொறியியலாளர். இருப்பது தற்காலிக விசாவில். அவளுடைய ஸ்பொன்சர் பத்திரத்தில் முதலாளி திங்கட்கிழமை கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கை இப்போது பொக்கெற்றுக்குள் இருந்தது.

"பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ சேர்," என்றாள் அருந்ததி. பரிசோதனைப் பிரிவுக்காரி. செத்த சாமானைக் கண்டால் சோறு தண்ணீரை மறந்துவிடுவாள். ஆபிசில் கேலியும் பகிடியுமாக அவளுக்குப் பெயர் சிஐடி அக்கா. பகிடி அவளுக்குப் பிடிக்கும். நிரஞ்சினியின் கலங்கிய முகம் பிடிக்கவில்லை.

"ஏன் இந்தச் சிப்பை எடுத்தனீ?"

"ஆறும் ஒரே வரிசை அக்கா, பதினெட்டு வோல்ட் வேணும். லைற் போட்டிருக்கிற சாப்பாட்டு வண்டி, அந்த வான் பற்றரியிலை பன்னிரண்டு, எஞ்சின் ஓடினால் பதினாலு. ஏத்தினால் போதும். இறக்கத் தேவையே வராது."

கணக்கில் பிழையில்லை. அருந்ததி சிப்பைச் சோதித்தாள். குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருந்தது. கருகாத இரண்டுக்கும் தனியாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தாள். இரண்டும் பளிச்சென்று எரிந்தன. அவற்றின் ஓரத்தில் வெள்ளியாக ஒரு சின்னத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"ம்," என்று மட்டும் சொல்லிக் கார்ச் சாவியை எடுத்தாள்.

பதினொரு மணி. ரோவில் என்ற பக்கத்துப் புறநகர். விளக்கைச் சோதனைக்காகப் பூட்டியிருந்தது அந்தோனிப்பிள்ளை அங்கிளின் கொத்துரொட்டி வானில். நிழலில் நின்றும் அங்கிள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மிளகாய்ச் சோஸ் பக்கத்தில் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து. வானின் கண்ணாடி யன்னல் ஓரமாக, கிறிஸ்மஸ் என்கிற நத்தாருக்காகச் சின்னதாய் ஒரு பாலன் குடில். அதைச் சுற்றிய பல்ப் மாலையில் ஒரு பல்ப் இல்லை. அந்த இடத்தை வெள்ளித்தாளால் சுற்றியிருந்தது. மிச்சப் பல்புகள் குஷியாக மின்னின.

"எப்ப கருகினது அங்கிள்?"

"நேற்றுப் பின்னேரம், பிள்ளை. கடை முடியுமட்டும் நல்லா எரிஞ்சது. வெளிக்கிட எஞ்சினைப் போட்டன். பளிச்செண்டு ஒரு வெளிச்சம், பிறகு ஒண்டுமில்லை."

"முந்தின நாட்களிலை எஞ்சினைப் போடேக்கை?"

"ஒண்டும் நடக்கேல்லை. அருமையான லைற் பிள்ளை! ஒரு குறையும் சொல்ல ஏலாது."

குறை உண்டா என்று அவள் கேட்கவே இல்லை. அங்கிளின் மனைவி பவளம் அன்ரி, துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி. அருந்ததி கூப்பிட்டு, முதலாளியும் நிரஞ்சினியும் வானடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

"ஆறும் ஒரே வரிசை," என்றாள் அருந்ததி. "ஒரே கரண்ட்தான் எல்லாத்துக்குள்ளாலும் போகும். சிப் பிழைச்சிருந்தால் ஆறும் கருகவேணும். ரெண்டு தப்பினது ஏன்? அந்த ரெண்டுக்குள்ளாலை கரண்ட் போகவே இல்லை. ஆரோ வெள்ளித்தாளாலை சுத்துவழி போட்டிருக்கினம், இந்தப் பல்ப் மாலையிலை போட்ட மாதிரி. மிச்சம் நாலுக்கும் பன்னிரண்டு வோல்ட் போதும். எஞ்சினைப் போட்டால் வாறது பதினாலு. இறக்கத் தெரியாத சிப் என்ன செய்யும்? கையைக் கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டிருக்கும்."

"யாரு செஞ்சது?" முதலாளியின் குரல் உயர்ந்தது.

அருந்ததி அன்ரியின் ஈரக் கையைப் பிடித்தாள். "அன்ரி, நீங்கள்தான். அங்கிளின்ரை கண்ணுக்காக. ஓமோ?"

அன்ரி உடைந்துபோனார். "ஓம் பிள்ளை. கண் ஒப்பரேஷன் செய்த மனுசன். அந்த லைற்றுக்குக் கீழை நிண்டு கொத்தேக்கை தண்ணியா ஓடும். சொல்லுங்கோ எண்டால் சொல்லமாட்டார். நத்தார் பல்ப் போனால் நான் அப்பிடித்தான் தாளைச் சுத்துறனான். அதுதான் நேற்றுக் கடை திறந்தாப் பிறகு ரெண்டை நிப்பாட்டினன். கருகினதும் பயத்திலை தாளைப் பிடுங்கிப்போட்டன்."

அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் சிவந்திருந்தன.

"லைற் பூட்ட வரேக்கை விசாக் கதை கேள்விப்பட்டனான். நான் குறை சொன்னால் இந்தப் பிள்ளைக்கு விசா இல்லாமல் போயிடுமெண்டு பயந்திட்டன் பவளம்."

நிரஞ்சினிக்கு அழுகையை அடக்க முடியவில்லை. "கண் கூசுதோ எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லையே, அங்கிள்."

ராகவேந்திரா தொண்டையைச் செருமினார். "திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கும்மா? வா, ஆபீஸுக்குப் போய் இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன். அடுத்த விளக்குக்கு எந்த சிப்?"

"இறக்கவும் தெரிஞ்சது, சேர். வெளிச்சத்தைக் குறைக்க ஒரு குமிழும்."

"அதைத்தானே அன்னைக்கே சொன்னேன்!"

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள்.

நத்தாருக்கு முன்பே புது விளக்கு வானில் ஏறியது. குமிழில் முதலில் கை வைத்தது பவளம் அன்ரிதான். அங்கிளின் முகத்தைப் பார்த்துப் பார்த்து மெல்லத் திருப்பினார். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அவர் கண் கூசாமல் தன்னைப் பார்த்துச் சிரித்த இடத்தில், கையை எடுத்தார்.