வலது பாதியைக் கண்டீர்களா?

அந்த ஆண்டுகளில் வன்னியில் ரூபாய் நோட்டுகளுக்கு இருமல் இருந்தது. போரில் பாதை மூடிக் கிடந்ததால் புது நோட்டு வருவதில்லை. இருந்த நோட்டுகளே கைமாறிக் கைமாறி மெலிந்து போயின. சட்டைப் பையில் வைத்தால் லொக்கு லொக்கென்று இருமும். என்னுடைய இருபது ரூபாய் ஒன்று ஒருநாள் தும்மி, இரண்டாகப் போய்விட்டது. நான் பொய் சொல்லுவதில்லை.

இந்த நோட்டுகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒருவர் கனகராயன்குளத்தில் இருந்தார். வயது பதினொன்று. பெயர் சுமித்திரா.

சோற்றுப் பசையும் மெல்லிய கடதாசியும் வைத்துக் கிழிந்த நோட்டை ஒட்டிக் கொடுப்பாள். கூலி வாங்கமாட்டாள். செல்லாத பழைய நோட்டு ஏதும் வீட்டில் கிடந்தால் தரச்சொல்லிக் கேட்பாள். இடம்பெயர்ந்து வந்தவர்களின் பெட்டிகளுக்கு அடியில் அப்படிச் சில கிடந்தன. வெள்ளைக்கார அரசரின் தலை போட்டது, தலையே இல்லாதது, ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து மறுபக்கத்தை வெறுமையாக விட்டது. எல்லாம் அவளுடைய பிஸ்கற் பேணிக்குள் போகும். ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். கடதாசிக்கு உள்ளே, தண்ணீரால் எழுதியது போல எழுத்துகள் தெரியும்.

பேணியில் மிகவும் பழையது ஒரு பத்து ரூபாய் நோட்டு. பழையது என்றாலும் முழுதல்ல, இடது பாதி மட்டும்தான். அது அவளுடைய சொந்த வீட்டுச் சொத்து. அவளுடைய தலைவலியும் அதுதான்.

சுமித்திராவின் தாத்தாவுக்குத் தாத்தா வீரையா. நூறு வருடத்துக்கு முன்னர் வடக்கு வீதி போடும் வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர். அவர் போட்ட கல் இன்னும் சூடாக இருக்கிறதென்று சொல்வார்கள். நானும் மத்தியானத்தில் தொட்டுப் பார்த்தேன், உண்மைதான். அவர் ஒரு செட்டியாரிடம் வெள்ளிக் காசைக் கொடுத்து, இந்தியாவில் செல்லும் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை வாங்கினார். அக்கரையில் இருந்த தங்கை ராக்காயிக்கு அனுப்புவதற்காக. வாங்கிய கையோடு அதை நடுவில் வெட்டினார்.

ஊருக்கு அது போதுமாக இருந்தது. தங்கைக்குப் பாதி, தனக்குப் பாதி வைத்த கஞ்சன் என்றார்கள். 'அரைநோட்டு' என்று பெயரும் வைத்தார்கள். வீரையா பிறகு மலைநாட்டுத் தோட்டத்துக்குப் போனார். அந்தக் குடும்பம் கலவரத்துக்குத் தப்பித் திரும்பவும் வன்னிக்கு வந்தது. பட்டப்பெயரும் கூடவே வந்தது. அதற்கு பஸ் ரிக்கற் தேவையில்லையே.

வகுப்பில் சஜீவன் என்று ஒருவன். யாராவது சுமித்திராவிடம் பென்சில் கேட்டால் போதும்.

"அரைநோட்டிட்டையே கேக்கிறாய்? முறிச்சுப் பாதிதான் தருவாள்" என்பான்.

பள்ளிக்கூடத்தில் பழம்பொருள் கண்காட்சி வந்தது. தன் பாதி நோட்டை மேசையில் வைத்து, வீரையா கஞ்சன் இல்லை என்று ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று சுமித்திரா நினைத்தாள். பள்ளிக்கூட அதிபர் சிவராசா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, கிழிஞ்ச நோட்டுப் பாக்க எங்கட சனம் கண்காட்சிக்கு வரவேணுமே? தங்கட பொக்கற்றைப் பாத்தாப் போதும். முழுசாக் கொண்டுவா, நடுமேசையிலை வைக்கிறன்."

சுமித்திரா வீட்டுக்குப் போய்ப் பேணியைத் திறந்தாள். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த பழைய நோட்டுகளில் முழு நோட்டு ஒன்றும் இருந்தது. அதன் பக்கத்தில் தன் பாதியை வைத்தாள்.

முழு நோட்டில் ஒரே இலக்கம் இரண்டு இடத்தில் இருந்தது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஒரு நோட்டுக்கு ஏன் இரண்டு தரம் இலக்கம்?

வாசலில் மாடு ஒன்று போனது. அதன் இரண்டு பக்கமும் குறி சுட்டிருந்தது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் உடையவர் யாரென்று தெரியவேண்டுமே.

அப்படியென்றால், வெட்டினாலும் இரண்டு பாதியும் தங்கள் பெயரைச் சொல்லும். ஒரு பாதியை முதலில் அனுப்பலாம். வழியில் கள்ளன் எடுத்தாலும் அவனுக்குப் பயனில்லை. அது போய்ச் சேர்ந்தது என்று செய்தி வந்த பிறகு மற்றப் பாதியை அனுப்பலாம்.

அவள் அம்மா சிவலட்சுமியிடம் ஓடினாள். அம்மாவும் அதைத்தான் கேள்விப்பட்டிருந்தார். வலது பாதி முல்லைத்தீவில் ஒரு வள்ளத்தில் ஏறியதாம். செய்தி வரவேயில்லையாம். வீரையா எவ்வளவோ சொல்லியும் ஒருவரும் நம்பவில்லையாம். அதனால் வீட்டிலும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்களாம்.

மறுநாள், நிவாரணத்துக்கு ஊரே வரிசையில் நிற்கும் சங்கக்கடைச் சுவரில் ஓர் அறிவித்தல் தொங்கியது.

'காணவில்லை. பத்து ரூபாய் நோட்டின் வலது பாதி. வயது நூறுக்கு மேல். ஒரு பக்கம் மட்டும் அச்சு. கடைசியாக முல்லைத்தீவில் காணப்பட்டது.'

இலக்கத்தை மட்டும் அவள் எழுதவில்லை. வேண்டுமென்றுதான்.

முதலில் வந்தவன் சஜீவன். பழுப்பு நிறப் பாதி ஒன்றை நீட்டினான். சுமித்திரா அதை முகர்ந்து பார்த்தாள். தேயிலைச் சாயம் மணத்தது. வெயிலில் பிடித்தாள். அப்பியாசக் கொப்பியின் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன.

"நல்ல வடிவாக் கீறியிருக்கிறாய்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். திட்டு வாங்க ஆயத்தமாக வந்த சஜீவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அங்கேயே நின்றான்.

கண்காட்சிக்கு முதல்நாள், சுமித்திரா சங்கக்கடை வரிசையில் நின்றபோது இராயப்பு வந்தார். முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து, எங்கள் ஊர்ப் பாலைமரத்தடியில் கொட்டில் போட்டிருந்த கிழவர். ஓடி வரும்போது வலையை விட்டுவிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தோனியார் படத்தைத் தூக்கிவந்தவர். அந்தப் படம் இப்போது அவர் கக்கத்தில் இருந்தது.

"இலக்கத்தை எழுதேல்லை, கெட்டிக்காரி" என்றார். "சொல்லு பாப்பம்."

"நீங்கள் சொல்லுங்கோ அப்பு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வரிசையில் நின்ற சனம் மாவையும் சீனியையும் மறந்து திரும்பிப் பார்த்தது.

"மாறி மாறிச் சொல்லுவம்" என்றாள் சுமித்திரா. "நாலு."

"பூச்சியம்" என்றார் இராயப்பு.

"ஏழு."

"ஒண்டு."

சுமித்திரா ஒரு விரலைத் தூக்கினாள். "கடைசி இலக்கத்தை ரெண்டு பேருமாச் சொல்லுவம் அப்பு."

"ஆறு!"

வரிசையே கத்தியது. அந்தச் சத்தத்தில் நெடுங்கேணியில் ஒரு தென்னை தேங்காய்களைக் கொட்டிவிட்டதாகக் கேள்வி. நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இராயப்பு சட்டத்தின் பின்பலகையைக் கழற்றினார். படத்துக்குப் பின்னால் வலது பாதி சுருக்கமே இல்லாமல் இருந்தது. காணாமற்போனதைத் தேடித் தருபவர் என்று எல்லோரும் நேர்த்தி வைக்கும் அந்தோனியார், இவ்வளவு காலமும் அதற்கு முன்னாலேயே நின்றிருக்கிறார்.

இராயப்புவின் பூட்டன் ஓட்டிய வள்ளத்தைப் புயல் திருப்பிவிட்டதாம். அவர் நோட்டைத் திருப்பிக் கொடுக்க வீதி வேலைக்காரரின் குடிசைகளுக்கு வந்திருக்கிறார். வீரையா அதற்குள் மலைநாட்டுக்குப் போய்விட்டார். உடையவர் வந்தால் கொடுக்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே அந்தக் குடும்பம் அதை வைத்திருந்தது.

கண்காட்சி நாளில் இரண்டு பாதியும் நடுமேசைக்கு வந்தன. பாதிகளைக் கண்டதும் அதிபர் சிவராசாவின் கை தானாகவே, பெயர்த்துண்டுகள் ஒட்ட வைத்திருந்த பசைச் சிரட்டைக்குள் போனது. பின்னால் நின்ற நாலைந்து பேரும் விரலில் பசையோடு முன்னே வந்தார்கள். கிழிந்த நோட்டைக் கண்டால் வன்னிச் சனத்துக்குக் கை சும்மா இராது.

சுமித்திரா நோட்டுக்கு மேல் கையை விரித்துப் பிடித்தாள்.

"ஒட்டவேண்டாம் சேர். ஒட்டினா இது கிழிஞ்ச நோட்டு. ஒட்டாட்டி, அனுப்பின நோட்டு."

அதிபர் விரலைத் தன் வேட்டியில் துடைத்தார். அந்த வேட்டி அன்றைக்குக் கதிரையோடு ஒட்டிக்கொண்டது வேறு கதை.

இராயப்பு தன் சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றித் தந்தார். அதன் கீழே பாதிகளை அருகருகே வைத்தார்கள். கத்தி வழுக்கிய இடத்தில் ஒரு பாதியில் பள்ளம், மற்றதில் மேடு. பொருந்தி நின்றன.

"எங்கட வள்ளம் கொஞ்சம் பிந்திப்போச்சு, பிள்ளை" என்றார் இராயப்பு.

"பரவாயில்லை அப்பு. வந்து சேந்திட்டுதுதானே."

மேசைக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் வீரையாவின் கதையைச் சொன்னவன் சஜீவன். யாரும் கேட்காமலே வந்து நின்றான். மாட்டுக் குறியைப் பற்றிச் சொல்லும்போது தானே அதைக் கண்டுபிடித்தது போலச் சொன்னான். நாக்கு வறளும்வரை சொன்னான். ஒரு தரமாவது 'அரைநோட்டு' என்று வாயில் வரவில்லை.

பின்னேரம் சுமித்திராவிடம் வடை ஒன்று இருந்தது. சஜீவன் அதைப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் பார்த்தான்.

சுமித்திரா அதை முறிக்காமல் முழுதாகவே அவன் கையில் வைத்தாள்.