நான்காம் எண்ணிலிருந்து

ஆபீஸ் மேசைமேல் மாதிரிக்கு வைத்திருந்த மூன்று இன்டர்காம் போன்களிலும் நான்காம் பொத்தான் மட்டும் சிவந்திருந்தது.

"சிவப்பு எரிஞ்சா அந்த ரூம்ல யாரோ பேசிட்டிருக்காங்கன்னு அர்த்தம் சார்," என்றார் போன்காரர். "உங்க பழைய நம்பர் லிஸ்ட்டை அப்படியே ஏத்திட்டேன். நாலு யாரு?"

"யாருமில்ல. அழிச்சிடுங்க," என்றான் தம்பி.

நாலு அவன் அண்ணன். இறந்துபோய் எட்டு மாதமாகிறது. அந்தப் பின்னறை பூட்டியே கிடக்கிறது. போனையும் அன்றே கழற்றியாயிற்று.

போன்காரர் வண்டியிலிருந்து வயர் எடுத்துவரப் போனார். எதிரே அண்ணி ஒவ்வொரு போனாகத் தூக்கிப் பார்த்தாள். "யார் கூப்பிட்டாங்கன்னு காட்டுறதே வாங்கலாம் தம்பி. எடுக்காம விட்டதும் தெரியும்ல?"

"எதுக்கு அண்ணி வீண் ஆடம்பரம்? திரை இல்லாததே போதும்."

திரைதான் அவனுக்கு ஆகாது. அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி மூன்று வருஷம். பத்தடி தூரத்துக்கும் போனில்தான் சண்டை. அண்ணன் இறந்த அன்றும் நாலிலிருந்து மணி அடித்தது. மறுபடி வம்புக்கு இழுக்கிறார் என்று சத்தத்தைக் குறைத்துவிட்டு டீ குடித்தான். பதினொரு தடவை அடித்தது. சாயங்காலம் கதவைத் தள்ளியபோது அண்ணன் ரிசீவரைப் பிடித்தபடி தரையில் கிடந்தார். எனக்குப் போனே வரவில்லை என்று அண்ணியிடம் சத்தியம் செய்தான். அந்தப் பொய்யை நம்பித்தான் அவள் இன்றும் அவனுக்குச் சோறு போடுகிறாள். நினைத்தால் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஏசியின் முனகலுக்கும் புது பிளாஸ்டிக் வாடைக்கும் அடியில், அண்ணன் நெஞ்சில் தடவிக்கொள்ளும் தைலத்தின் நெடி மெல்லக் கசிந்து வந்தது. கூடவே, பூட்டிய அறைக்குள் எதையோ இழுக்கிற சத்தம். அண்ணிக்குக் கேட்கவில்லை போலிருந்தது.

மணி அடித்தது.

திரையில் நாலு.

அவன் கை தானாகவே சத்தத்தைக் குறைக்கப் போனது. அதற்குள் அண்ணி எடுத்துவிட்டாள்.

"ம்... நான்தாங்க. மெதுவாப் பேசுங்க, மூச்சு வாங்குது பாருங்க."

நெடுநேரம் கேட்டாள். பார்வை அவன்மேலேயே இருந்தது.

"பதினொரு தடவையா?"

அவன் எழப் பார்த்தான். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது.

"உங்க தம்பி இங்கதான் இருக்காரு. வாங்க."

பின்னறைக் கதவு திறந்தது. காலடிச் சத்தம் இல்லை. தரையோடு தரையாகத் தேய்த்துக்கொண்டு வந்தது. நின்று மூச்சு வாங்கியது. மறுபடி தேய்த்துக்கொண்டு வந்தது.

அண்ணி பிடியை விடவில்லை.