மூச்சுபடாத நிலம்

குடியிருப்பிலிருந்து வரும் சுரங்கப்பாதையில் மூச்சிரைக்க நடந்து, காலை ஏழு மணிக்குச் செண்பகவல்லி வேலையிடத்தின் வாசலுக்கு வந்தாள். தலைக்கவசத்தை மாட்டினாள், கழுத்துப் பூட்டை இறுக்கினாள், காற்றுக்குப்பியை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டாள். செவ்வாய் கிரகத்தில் தலைக்கவசம் மாட்டுவதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். வெளியே போவதற்கு மாட்டினால் அதிசயம் இல்லைதான். இவள் மாட்டியது உள்ளே போவதற்கு. அந்த வட்டாரத்திலேயே முதல்தரமான காற்று அந்த வாசலுக்கு உள்ளேதான் இருந்தது. அதை அவள் சுவாசித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கவசம்.

இடத்தின் பெயர் தயார்நிலம் எண் ஏழு. பரப்பு முந்நூறு ஏக்கர். மேலே வெயிலை உள்ளே விடும் காற்றுக்கூரை. கீழே அகலமான சாலைகள், தெருவிளக்குகள், திறந்தால் கொட்டும் குழாய்கள், வடிகால், வரிசையாக நாற்பது கழிப்பறைகள். பூமியிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் முதலீடு செய்ய வந்தால், வந்த அன்றே தொழிலைத் தொடங்கிவிடலாம். மண்ணைச் சமன் செய்ய வேண்டாம், குழாய் பதிக்க வேண்டாம், எந்த அலுவலகத்திலும் காத்துக்கிடக்க வேண்டாம். தென்பள்ள மாவட்டம் இப்படி இலை போட்டுத் தண்ணீர் தெளித்துக் காத்திருக்க ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. ஒரு விருந்தாளியும் வரவில்லை. யாரும் நடக்காத சாலையைப் பெருக்குவதும், யாரும் போகாத கழிப்பறையில் தண்ணீர் ஊற்றுவதும்தான் செண்பகவல்லிக்கு உத்தியோகம்.

அங்கே யாரும் மூச்சுவிடக் கூடாது என்பதற்குக் காரணம் ஒரு நல்ல சட்டம். அரசு போட்ட கூரையின்கீழ் ஒருவர் தொடர்ந்து முப்பது நாள் மூச்சுவிட்டிருந்தால், அந்த இடத்தில் அவருக்கு உரிமை உண்டு. அவரைக் கிளப்ப முடியாது. மூச்சுரிமைச் சட்டம் என்று பெயர். பனிச்சுரங்கத் தொழிலாளர்கள் அடிபட்டு, சிறைக்குப் போய் வாங்கிய சட்டம் அது. சட்டம் வந்த மறுநாளே அதிகாரிகள் அதற்கு ஆப்பு வைக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: எவரையும் மூச்சுவிடவே விடாமல் பார்த்துக்கொள்வது. வாடகை ஒப்பந்தத்தைப் பதினோரு மாதத்துக்கு மட்டும் போட்டுக்கொள்கிறோமே, அந்த மூளைதான் விண்கலம் ஏறி அங்கேயும் போய் இறங்கியிருந்தது. சுவருக்குச் சுவர் மூச்சுமானிகள் மாட்டியிருந்தார்கள். மனிதர் வெளியே விட்ட மூச்சு ஒரு துளி பட்டால்கூட அவை சிவப்பாக எரியும். பதினோரு வருடமாக ஒன்றுகூட எரியவில்லை. அதற்காக ஆண்டுதோறும் தலைநகரிலிருந்து ‘மூச்சுபடாச் சான்று’ வரும். நில அலுவலர் சிவசைலம் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைப்பார்.

செண்பகவல்லியின் வீடு அங்கிருந்து அரை மணி நடையில், கீழ்வளையில் இருந்தது. நாற்பது வருடத்துக்கு முன் சுரங்க வேலைக்கு வந்தவர்கள், தங்க இடம் கொடுக்க யாரும் இல்லாமல், தாங்களே ஒரு பள்ளத்தைத் தோண்டி, உடைந்த பனிக்கிடங்குத் தகடுகளால் கூரை போட்டு ஒண்டிக்கொண்ட இடம். நூற்றுப் பத்து வீடுகள். எல்லா வீட்டுக்கும் ஒரே காற்றுக்குழாய். வீட்டுக்கு வீடு பத்துப் படி கொண்ட ஒரு திருகு உண்டு. மாவட்டம் அதை ஆறாம் படியில் பூட்டி வைத்திருந்தது. குறைக்கலாம், கூட்ட முடியாது. ஆறாம் படிக் காற்றில் மனிதன் சாக மாட்டான். வேகமாக நடக்க மாட்டான், உரக்கச் சிரிக்க மாட்டான், அவ்வளவுதான்.

இந்த வீட்டுக்குத்தான் செண்பகவல்லியின் ஒரே மகள் உலகம்மை தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். எத்தனை கோடி மைல் தாண்டி வந்தாலும் நம் ஆட்கள் அதை விடவில்லை. மருமகனின் மேற்குப் பள்ளத்தில் காற்று ஏழாம் படி. இருந்தும் எட்டாம் மாதம் வளையல் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாகிவிட்டது. வந்த பத்தாம் நாளே பெண்ணின் உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது. எட்டாம் படிக் காற்றாவது இல்லாவிட்டால் குழந்தை தங்குவது சந்தேகம் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். திருப்பி அனுப்பலாம் என்றால், அந்த நிலையில் பெண்ணை வண்டியில் ஏற்றவே கூடாதாம்.

செண்பகவல்லி நேரே சிவசைலத்திடம் போய் நின்றாள்.

“இருபத்தஞ்சு நாள் போதும் சார். முப்பது ஆகறதுக்குள்ள நானே வெளிய கூட்டிட்டு வந்துடுறேன். ஓரமா அந்தப் பம்பு அறையில இருந்துக்குவோம். ஒரு கல்லைக்கூட நகத்த மாட்டோம்.”

சிவசைலம் கெட்டவர் இல்லை. அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

“நாள் பிரச்சினை இல்லம்மா. பதினோரு வருஷமா ஒரு மூச்சுகூடப் படாத நிலம்னு நாம சான்று வச்சிருக்கோம். வேற எந்த மாவட்டத்துக்கும் இந்தப் பெருமை கிடையாது. அங்க ஒரு பிரசவம் நடந்துச்சுன்னா என்ன ஆகும்?”

“பிரசவம்னா தீட்டா சார்?”

“தீட்டு இல்லம்மா, வில்லங்கம். இருபது வருஷம் கழிச்சு ஒருத்தன் வந்து, நான் பொறந்த இடம்னு நின்னா யார் பதில் சொல்றது?”

“முந்நூறு ஏக்கர் காத்து சும்மா கிடக்கு சார். என் பொண்ணு உதடு நீலமா இருக்கு.”

“எனக்குப் புரியாம இல்லை. மனு எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்” என்றார். அவள் எழுதிக் கொடுத்தாள். அவர் அனுப்பவும் செய்தார். அது இன்றுவரை மேலே போய்க்கொண்டிருக்கிறது.

மறுநாளும் அவள் கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கழிப்பறைகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். பம்பு அறைக் காற்றுமானி பத்தாம் படியைக் காட்டியது. அதை உடைத்துப் போடலாமா என்று இருந்தது அவளுக்கு.

ஒன்பதாம் மாத நடுவில், ஒரு மத்தியான வேளையில் வலி எடுத்தது. பக்கத்து வீட்டு ஆவுடையப்பன் எழுந்து போய்த் தன் வீட்டுத் திருகை ஆறிலிருந்து நாலுக்கு இறக்கினார். பிறகு வீடு வீடாகப் போனார். ஒன்றும் விளக்கவில்லை, “உலகம்மைக்கு” என்று மட்டும் சொன்னார். ஒவ்வொருவரும் இறக்க இறக்க, மிச்சக் காற்று குழாயில் நகர்ந்து செண்பகவல்லியின் வீட்டை நோக்கி வந்தது. திருகு ஆறைத் தாண்டாது என்பதால், அவள் வீட்டுக் குழாயையே திருகுக்கு முன்னால் அறுத்து வைத்துவிட்டார் அவர். நூற்றுப் பத்து வீட்டுச் சனமும் அடுப்பை அணைத்துவிட்டு, பேச்சை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து ஐந்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வயதான இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். எழுப்பிவிட்ட பிறகும் திருகை ஏற்றச் சம்மதிக்கவில்லை. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்து வீறிட்டது. ஆறாம் படி வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை அந்த ஊர் கேட்டதே இல்லை. மருத்துவச்சி பிறப்பைப் பதிவு செய்தாள். அதற்கு முன் அங்கே பிறந்தவர்களை யாரும் பதிவு செய்ததில்லை; அது கீழ்வளையில் பதிவான முதல் பிறப்பு.

குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தபோது, ஒருவழியாக முதலீடு வந்தது.

வந்த நிறுவனம் பூமியின் வயதான பணக்காரர்களுக்குச் செவ்வாயில் ஓய்வுக்குடில் கட்டித் தருவது. இடத்தைப் பார்க்க மனிதர்களை அனுப்பவில்லை. மூன்று கால்களில் நடக்கும் ஒரு மதிப்பீட்டுப் பொறியை அனுப்பியிருந்தது. சிவசைலம் புதுச் சட்டை போட்டு, கவசம் மாட்டி, தயார்நிலத்தை அங்குலம் அங்குலமாகச் சுற்றிக் காட்டினார். பின்னால் துடைப்பத்தோடு செண்பகவல்லி போனாள்.

“இங்கே யார் வாழ்ந்திருக்கிறார்கள்?” என்று பொறி கேட்டது.

“ஒருத்தர்கூட இல்லை!” சிவசைலத்துக்குக் குரல் தழுதழுத்தது. “பதினோரு வருஷத்துல ஒரு மூச்சுகூடப் படலை.”

“அப்படியானால் இங்கே வாழ முடியும் என்பதற்கு என்ன ஆதாரம்?”

சிவசைலம் மூச்சுபடாச் சான்றை எடுத்து நீட்டினார். பொறி அதைப் படித்துவிட்டு, யாரும் வாழ்ந்திராத இடத்துக்கு எந்தக் காப்பீட்டு நிறுவனமும் பொறுப்பேற்காது என்றது. பிறகு மண்ணில் ஊசியைச் செருகிப் பார்த்தது. செவ்வாய் மண்ணின் விஷ உப்பு அப்படியே இருந்தது. பக்கத்தில் பிறப்பு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று தேடியது. ஒன்றே ஒன்று இருந்தது. மூன்று காலையும் எடுத்து வைத்து அது சுரங்கப்பாதைக்குள் இறங்கிவிட்டது.

கீழ்வளையின் மண்ணில் உப்பே இல்லை. நாற்பது வருடமாக அரிசி கழுவிய தண்ணீரும், துணி துவைத்த தண்ணீரும் ஊற்றி ஊற்றி, கீரை போட்டுப் போட்டு, அந்த விஷத்தை அங்கிருந்தவர்கள் போக்கியிருந்தார்கள். யாரும் அவர்களை அதற்காகக் கூப்பிட்டுப் பாராட்டியதில்லை. பொறி பாராட்டியது. மண் சுத்தம், கூரை நாற்பது வருடம் தாங்கியிருக்கிறது, ஆறாம் படிக் காற்றில் குழந்தையே பிழைத்திருக்கிறது. பத்தாம் படியில் முதியவர்கள் தாராளமாகப் பிழைப்பார்கள் என்றது. தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் அளந்துகொண்டு போயிற்று.

இரண்டாம் வாரம், ஓய்வுக்குடிலுக்காகக் கீழ்வளையை முப்பது நாளில் காலி செய்ய உத்தரவு வந்தது. சிவசைலம் செண்பகவல்லியை அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்.

“நாப்பது வருஷம் மூச்சு விட்டிருக்கோம் சார். முப்பது நாள்னுதானே சட்டம்?”

“சட்டத்துல அரசு போட்ட கூரைன்னு இருக்கும்மா. இது நீங்களே போட்டுக்கிட்ட கூரை.”

“அப்ப எங்களை அந்த ஏழாம் நம்பர்ல விடுங்க. காலியாத்தானே கிடக்கு?”

“அது எப்படிம்மா முடியும்? அது அடுத்த முதலீட்டாளருக்கு.”

செண்பகவல்லி விடவில்லை. “வயித்துப் புள்ளைக்காரிக்காக வந்து நின்னேன், ஒரு மூலை குடுக்கலை. ஊரே மூச்சடக்கிப் பெத்தெடுத்தோம். அந்தப் புள்ளை பிழைச்சதுங்கற ஒரே காரணத்துக்காக இப்ப ஊரைக் காலி பண்ணச் சொல்றீங்க. உங்களுக்கெல்லாம் வெக்கமே கிடையாதா சார்?”

அவர் மேசையிலிருந்து ஒரு புதுக் கோப்பினை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். ஆறுதல் சொல்லும் குரலில் பேசினார்.

“உங்களை அப்படியே விட்டுடலைம்மா. வடக்கே எட்டாம் பள்ளம் இருக்கு. வெறும் பள்ளம்தான், காத்து அஞ்சாம் படி வரும். மொத்தப் பேரையும் அங்க வைக்கச் சொல்லி உத்தரவு. மேல எல்லாருக்கும் இப்பதான் புரிஞ்சிருக்கு. ரோடு, லைட்டு, குழாய்னு நாம செலவழிச்சதெல்லாம் தண்டம். நிலத்தைத் தயார் பண்ணணும்னா மொதல்ல உங்களை மாதிரி ஆளுங்களைக் குடிவைக்கணும். நீங்க இருந்து, மண்ணைச் சரிபண்ணி, ஒரு புள்ளையும் பெத்துட்டீங்கன்னா நிலம் தயார். திட்டத்துக்குப் பேரே ‘மக்கள்வழி நிலத் தயாரிப்பு’. உங்களுக்கு மேற்பார்வையாளர் பதவி. கவசம்கூட வேண்டாம்.”

“நிலம் தயாரானதும்?”

“அதுக்கப்புறம் ஒம்பதாம் பள்ளம்.” அவர் பேனாவைத் திறந்தார். “இதுல ஒரு கட்டம் மட்டும் பாக்கி. எதிர்பார்க்கும் பிறப்புன்னு போட்டிருக்கு. உங்க பொண்ணுக்கு ரெண்டாவது எப்பன்னு தோராயமாச் சொன்னீங்கன்னா எழுதிக்குவேன்.”

செண்பகவல்லி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கத்தவேண்டும் போல இருந்தது, ஆறாம் படியில் பழகிய நெஞ்சு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“தலைப்பிரசவம்தான் சார் தாய்வீட்டுல. அடுத்ததெல்லாம் மாமியார் வீட்டுல. என் பொண்ணு உங்க பள்ளத்துக்கு வர மாட்டா.”

சிவசைலம் கோப்பில் ஒரு பக்கத்தைத் தள்ளிவிட்டு, காலியாக இருந்த அடுத்த பக்கத்தில் பேனாவை வைத்தார்.

“மாமியார் வீடு எந்தப் பள்ளத்துலம்மா?”