களாக்காட்டில் ஒரு வழி

செங்குன்றக் கோட்டையைச் சூழ்ந்திருந்த காவற்காட்டின் மீது முழுமதி எழுந்துகொண்டிருந்த அந்த அந்திப் பொழுதில், பிந்திப் பூத்த வெண்மலர்களின் மணம் ஆற்றங்கரை வரை பரவிக் கிடந்தது. மணத்தை நம்பி உள்ளே நுழைந்தவர் பாடு திண்டாட்டந்தான், வாசகர்களே! அது களாக்காடு. தடித்த இலைகள் எதிரெதிராய் நிற்கும் கணுதோறும் இரட்டை முட்கள். யானையும் அஞ்சி ஒதுங்கும். அங்கே எவரும் கனி பறிக்கலாம், முள்ளை மட்டும் ஒடிக்கலாகாது என்பது அரச கட்டளை.

அக்கட்டளையைக் காக்க வேண்டிய காவற்காட்டுத் தலைவன் வயிரமேகனே அதை மீறியிருந்தான். அரசியாருக்குக் களாப்பழம் பறிக்க வரும் அந்தப்புரத் தோழி நீலவேணியின் விரலில் ஒரு துளி இரத்தம் கண்டாலும் அவனுக்குப் பொறுக்காது. சிவந்த காய் புளிக்கும், கறுத்துக் கனிந்தவை இன்னும் உள்ளேதான் இருக்கின்றன என்று அவள் கொஞ்சக் கொஞ்ச, மதிகெட்டவன் முட்களைக் கழித்துக் கழித்து, ஓர் ஆள் நுழையும் வழியையே உண்டாக்கிவிட்டான்.

இன்றோ, அவ்வழியை ஆற்றோரம் அடைத்து நின்ற கடைசிப் புதரும் வெட்டுண்டு கிடந்தது. வெட்டுவாயில் பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்ட வயிரமேகன் வில்லை நாணேற்றியபடி கரைக்கு ஓடினான். அங்கே ஓடத்தில் ஏறிக்கொண்டிருந்தாள் நீலவேணி.

"நில்! உண்மையைச் சொல். யார் நீ?"

"அக்கரையில் பாசறை அமைத்திருக்கும் சேனாபதியின் தங்கை. தங்களிடம் இனியும் பொய்யுரைக்க மாட்டேன். எய்துவிடுங்கள்."

"என்னிடம் காட்டிய அன்பு?"

"அதுவும் பொய்யானால் இந்நேரம் நடு ஆற்றைக் கடந்திருப்பேனே! தாங்களும் வந்துவிடுங்கள், பிரபு. அண்ணா தங்களைக் கைவிடமாட்டார்."

அவன் அசையவில்லை, எய்யவுமில்லை. கண்ணீரோடு அவள் துடுப்பை வலித்தாள். ஓடம் மறைந்தபின், தன்னைப்போல் ஒரு பாவி இப்பூமியில் பிறந்திருக்க மாட்டான் என்று மனம் நொந்தபடி அவன் கொம்பை எடுத்து ஊதினான்.

தீவட்டிகளுடன் வீரர்கள் ஓடிவந்தனர். "பகைவன் எங்கே?" என்றார் கோட்டைத் தலைவர்.

"தப்பவிட்டேன், ஐயா. இவ்வழியை உண்டாக்கியவனும் நான்தான்." வயிரமேகன் மண்டியிட்டு வாளை உருவினான். "இப்புதர்கள் மீண்டும் முள் விடும்வரை இவ்விடம் விட்டு அகலேன். என் உடலைத் தாண்டாமல் ஒருவனும் உள்ளே வரமாட்டான். இவ்வாள்மேல் ஆணை!"

"அதற்கு ஒரு மழைக்காலமாவது கழிய வேண்டுமே, அப்பா!"

"அறிவேன்" என்றான் வயிரமேகன்.

அக்கரையில் போர்முரசு முழங்கத் தொடங்கியது.